அம்சா சொன்ன பெயர்

பாடை கட்டும்போது இருந்தவர்கள்: தாண்டவராயன், அவன் தங்கை கிருஷ்ணவேணி, கண்டாச்சிபுரத்திலிருந்து வந்த மச்சான் சீனுவாசன், விழுப்புரம் ஜங்ஷனில் தாண்டவராயனோடு மூட்டை ஏற்றுகிற நாலு பேர், பக்கத்து வீட்டு நஃபீசா பீவி. வேலியோரம் நின்றவள் மெட்ராஸ் ஆஸ்பத்திரி நர்ஸ் லூர்துமேரி. லீவில் சொந்த ஊரான திண்டிவனத்துக்கு வந்தவள், சேதி கேட்டு வந்திருந்தாள்.

பெண்டாட்டி செத்த வீட்டில் புருஷன் உட்கார வேண்டும். தாண்டவராயன் உட்காரவில்லை. ஓலை பின்னுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். லூர்துமேரியைப் பார்த்ததும் அவன் கை நின்றது. இவள் இல்லையென்றால் அம்சா போன வருஷமே போயிருப்பாள்.

எண்பத்தைந்து ஆடியில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அம்சாவின் தலைக்குள் கட்டி என்று படம் எடுத்துச் சொன்னார்கள். புத்தி ரொம்பப் போயிருந்தால் தலையைத் திறந்து பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் காகிதத்தோடு உட்கார்ந்தார். என்ன மாசம் என்றார். ஆடி என்றாள். ஊரைச் சொன்னாள். மூன்று பொருள் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டார். இரண்டு சொன்னாள். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மூன்று தடவை கேட்டார். தாண்டவராயனுக்குக் காரணம் தெரியும். டாக்டர் முன்னால் வாய் வரவில்லை. அவர் பேனாவை எடுத்து, தெரியவில்லை என்று எழுதினார்.

"சார், எங்க பக்கத்துல பொம்பளைங்க ஊட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டாங்க," என்றாள் லூர்துமேரி. பிறகு அம்சாவின் காதருகே குனிந்து, வேறு மாதிரி சொல்லச் சொன்னாள்.

"சிதம்பரத்துல ஆடுறாரே, அந்தச் சாமி பேரு," என்றாள் அம்சா.

டாக்டர் சிரித்துவிட்டார். எழுதியதை அடித்தார். ஆபரேஷன் நடந்தது. ஒன்றேகால் வருஷம் கிடைத்தது. அதில் ஒன்பது மாதம் அவளே சமைத்தாள், நாத்தனாரோடு சண்டை போட்டாள், மல்லாட்டை வறுத்துத் தோல் ஊதித் தின்றாள்.

அப்புறம் கட்டி திரும்ப வந்தது. ஒருநாள் நடுவீட்டில் உட்கார்ந்து, "டேய் தாண்டவராயா, தண்ணி கொண்டா," என்றாள். கிருஷ்ணவேணி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். நஃபீசா பீவிதான், "இத்தினி வருசம் அடக்கி வெச்சத மொத்தமா சொல்றா, உடும்மா," என்றாள். அதிலிருந்து தெருவுக்கே கேட்டது. தாண்டவராயன் ஒவ்வொரு தடவையும் போய் நின்றான். இன்று விடிகாலை மூச்சு நிற்கும்வரை கூப்பிட்டாள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்தான். லூர்துமேரி விளக்கருகே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து நெஞ்சில் இருந்ததை அவளிடம்தான் கேட்க முடியும்.

"சிஸ்டர், கடைசிவரைக்கும் பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினே இருந்தா. ஆள் தெரிஞ்சு கூப்ட்டாளா, நோவுல கூப்ட்டாளா?"

லூர்துமேரி பொய் சொல்லவில்லை.

"நோவுதாங்க. கட்டி அந்த எடத்துக்குப் போயிட்டா கூச்சம் போயிடும்."

அவன் தலையாட்டினான்.

"வேற யார் பேராவது சொன்னாங்களா? அண்ணன் பேரு, அப்பா பேரு?" என்று கேட்டாள்.

"இல்ல. என் பேருதான்."

"எல்லாத் தடவையும்?"

"எல்லாத் தடவையும்."

"அப்புறம் இன்னாங்க," என்றாள்.

அவன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான். அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்போல் இருந்தது. அடுப்பு மூட்டாத வீட்டில் ஒரு காபிகூடக் கிடையாது. சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தாள். அவன் தெருமுனைவரை பின்னாலேயே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் பின்னால் கிருஷ்ணவேணி கதவைச் சாத்திப் பூட்டினாள். அம்சா எழுந்து பஸ் ரோட்டுக்குப் போய்விடாமல் இருக்க நாலு மாதமாகப் போட்டுவந்த பூட்டு. சாவியை வழக்கம்போல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.