பிளேக்ரவுண்டு

காத்தவராயன் மேஸ்திரிக்குத் தசரதன் கொடுக்க வேண்டிய பாக்கி ஆறு ரூபாய் பத்தணா. குடியாத்தத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு தங்கச் சுரங்க வேலைக்கு வர வாங்கிய முன்பணத்தில் மிச்சம் அது. அது தீராமல் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஊருக்கு ரயிலேற மேஸ்திரி விடமாட்டார்.

ஒரு நாள் ஷிப்டு முடிந்து, சுரங்கத்துக்குள் ஆளை ஏற்றி இறக்கும் கேஜிலிருந்து வெளியே வந்தவனை மேஸ்திரி நிறுத்தினார்.

“ஞாயித்துக்கெழமை சும்மாதானே கீறே? நம்ம லைன் வீடுங்களுக்குப் பின்னால கீற மேட்டை வெட்டி நெரவு. கூலியைப் பாக்கியில கழிச்சிக்கலாம்.”

“அங்க இன்னா வருது மேஸ்திரி?”

“பிளேக்ரவுண்டு. லைன் புள்ளைங்களுக்குன்னு தொரை உத்தரவு.”

தசரதன் ஓரடி பின்வாங்கினான். பிளேக்கு! போன வருஷம்தான் பெங்களூரை வாரிக்கொண்டு போனது. பங்காருபேட்டை ஸ்டேஷனில் காய்ச்சல் கண்டவர்களை இறக்கிக் கீற்றுக் கொட்டகைக்கு இழுத்துப்போனதை அவனே பார்த்திருக்கிறான்.

“பெரியவங்களுக்கு?”

“தடிமாடு, நீ அங்க போயி இன்னாடா பண்ணப்போறே? புள்ளைங்க மட்டும்தான். சுத்தி வேலி. பொழுது சாஞ்சா கேட்டுக்குப் பூட்டு.”

வீட்டில் சொன்னதும் பெண்டாட்டி பாப்பம்மா மகள் நாகுவை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள்.

“இப்பவே பூடலாம்யா.”

“பாக்கி கீதே.”

“அதுக்குன்னு நம்ம புள்ளைய அடைக்கிற பட்டிய நீயே கட்டுவியா?”

தசரதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வெட்டினால்தான் கடன் தீரும். தீர்ந்தால்தான் நாகுவோடு ஓடலாம். வெட்டி முடித்தாலோ நாகுவைப் பிடித்து அடைத்துவிடுவார்கள். எப்படி யோசித்தாலும் சுற்றிச் சுற்றி அதே மேட்டில் வந்து நின்றான்.

ஞாயிறுதோறும் வெட்டினான். சிலசமயம் வெறிபிடித்தவன் மாதிரி. சிலசமயம் மண்வெட்டி கையிலேயே நின்றுவிடும். வேலி வந்தது. புங்கங்கன்றுகள் வந்தன. சாகப்போகிற பிள்ளைக்கு நிழல் எதற்கு? உயரமாய்க் கம்பங்கள் நட்டார்கள். கயிறு வந்தது, பாடைக்கு என்று நினைத்தான். கூடவே வழவழவென்று இழைத்த பலகையும் வந்தது. பாடைக்கு யார் பலகையை இழைப்பார்கள்?

கடைசி ஞாயிறு, ஊருக்கு ஓட மூட்டை தயாராக இருந்தது. நாகுவைத்தான் காணவில்லை.

ஓடினான். வேலிக்குள் ஒரே கூச்சல். கம்பத்தில் கட்டிய கயிற்றில், பலகைமேல் நாகு ஆகாயத்துக்குப் போய்ப் போய் வந்தாள்.

“எறங்குடி! பிளேக்குடி அது!”

மேஸ்திரி முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிளேக்கு இல்லடா முண்டம், பிளே. பிளேன்னா ஆட்டம். ஆடுற எடம்டா இது.”

“ஆடுறதுக்கா? நம்ம புள்ளைங்க ஆடுறதுக்குத் தொரை துட்டு குடுக்கறாரா? இன்னாத்துக்கு மேஸ்திரி?”

மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. தலையைச் சொறிந்தார். “அதுதாண்டா எனக்கும் வெளங்கல.”

பாப்பம்மா மூட்டையோடு வந்து நின்றாள். மாரிகுப்பம் பக்கம் ரயில் ஊதியது. தசரதன் ரயில் ஊதின பக்கம் பார்த்தான், ஊஞ்சலைப் பார்த்தான்.

“தள்ளுப்பா!” என்றாள் நாகு.

மூட்டையைக் கீழே வைக்கச் சொல்வதா, எடுக்கச் சொல்வதா என்று தெரியாமலே அவன் கை பலகையைத் தள்ளியது.

“தசரதா,” என்றார் மேஸ்திரி, “ஆறு ரூபா பத்தணாவும் தீந்துபோச்சு. போறதுன்னா போ.”