ஏழால் பெருக்கினால்

குளிர்கிடங்கின் கதவு தானாகச் சாத்திக்கொண்டபோது நான் கவலைப்படவில்லை. உள்ளே மருந்துப் பெட்டிகளை எண்ணுவது என் வேலை. வெளியே வர ஆறு இலக்க எண்ணை அழுத்தினால் போதும். எண் இல்லாமலே திறக்க உதவும் உட்பக்கக் கைப்பிடி கழன்று இரண்டு மாதமாகிறது. "நாளைக்குப் போட்டுடறேன் அண்ணி" என்பான் என் கொழுந்தன். இங்கே பராமரிப்பு அவன் பொறுப்பு.

வேலை முடிந்து 857142 அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. இன்று ஏழாம் மாதம் முதல் தேதி. முதல் தேதிதோறும் காலை பத்து மணிக்கு அவன் எண்ணை மாற்றுவான். நான் ஒன்பதே முக்காலுக்கே பழைய எண்ணில் உள்ளே வந்துவிட்டேன். மூன்று முறை தப்பினால் பூட்டு ஒரு மணி நேரம் எதையும் ஏற்காது. மைனஸ் இருபதில் என் கோட்டு அரைமணி தாங்கினால் அதிகம். கைபேசிக்கு சிக்னல் கிடையாது. கத்தினால் சுவர்தான் கேட்கும்.

அவனுக்கு ஒரு செல்ல எண் உண்டு, 142857. சாப்பாட்டு நேரமெல்லாம் அதே புராணம்தான். "ரெண்டால பெருக்குங்க அண்ணி, 285714. மூணால, 428571. அதே ஆறு பேர்தான், நாற்காலி மாத்தி உக்காருவாங்க!" இந்த வருடம் மாத எண்ணால் அதைப் பெருக்கித்தான் பூட்டுக்கு எண் வைக்கிறான். "ஏழுக்கு என்ன வரும் தெரியுமா?" என்று நேற்றும் ஆரம்பித்தான். "முதல்ல சாப்பிடு" என்று வாயை அடைத்தேன்.

ஆறு பேரும் ஒரு சுற்று வந்தாயிற்று, இனி முதலிலிருந்துதானே? 142857 அழுத்தினேன். மறுபடி சிவப்பு.

பயத்தில் அழுகையே வந்துவிட்டது. பெருக்கிப் பார்க்காமல் ஊகித்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, பனி படிந்த சுவரில் விரலால் பெருக்கினேன். ஏழேழு நாற்பத்தொன்பது, 9 போட்டுக் கையில் 4. ஐயேழு முப்பத்தைந்து, நாலு சேர்த்து முப்பத்தொன்பது, அதுவும் 9. எட்டேழு ஐம்பத்தாறு, மூன்று சேர்த்து ஐம்பத்தொன்பது. கடைசிவரை ஒன்பதே வந்தது.

999999. சின்னப் பிள்ளைகூட ஊகிக்கிற எண்ணை எவனாவது பூட்டுக்கு வைப்பானா? மரத்த விரலால் மறுபடி பெருக்கினேன். அதே ஒன்பதுகள். பிறகு என் கொழுந்தனை நினைத்துப் பார்த்தேன். அவன் வைப்பான்.

ஆறாவது ஒன்பதையும் அழுத்தினேன். பச்சை.

வெளியே மேசைமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தவன் என் கோலத்தைப் பார்த்து வெலவெலத்துப்போனான். "அண்ணி! உள்ளயா இருந்தீங்க? ஏழாம் மாச நம்பரை... நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

"எட்டுக்கு என்ன வரும்? இப்பவே சொல்லு."

முதன்முறையாக நான் கேட்டதில் அவன் முகம் மலர்ந்தது. "1142856." சொல்லிவிட்டுத் திகைத்தான். "ஏழு இலக்கம் ஆயிடுதே! பூட்டு ஆறுதான் எடுக்கும்."

"அப்ப அடுத்த மாசம்?"

தலையைச் சொறிந்தான். "அதை யோசிக்கலை அண்ணி."

ஓங்கி ஒன்று விடலாம் என்றால் கை மரத்திருந்தது. மேசைமேல் கிடந்த திருப்புளியை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினேன்.

"உள்ள போய்க் கைப்பிடியைப் போடு. நம்பரை நான் மாத்திக்கிறேன்."