சந்தியா பேர் போட்ட டப்பா

சாலை மறியலால் மூன்று நாளாக உளுந்தூர்பேட்டைக்குள் ஒரு லாரியும் வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பாத்திரக் கடையில் நானும் ஈயும்தான். லேசர் மெஷினுக்கு நான் வரவழைத்த ரோட்டரி நான்காம் நாள் லாரிகளை விட்டபிறகுதான் வந்து சேர்ந்தது. உருண்டைப் பாத்திரத்தை அதன் இரண்டு உருளைகள்மேல் படுக்கவைத்தால், அது மெல்லச் சுற்றிக்கொடுக்க மெஷின் பேர் எழுதும்.

பார்சலைப் பிரிப்பதற்குள் களமருதூர் பாப்பாத்தியக்கா வந்து நின்றார். பஸ் இன்னும் ஓடாததால் பாதி வழி நடந்திருந்தார். கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. அதில் 'சந்தியா தனசேகரன்' என்று வெட்டியிருந்தது. மகள் சந்தியா, புருஷன் தனசேகரனை விட்டு வந்து இரண்டு வருஷம். 'சீர் சாமான் எல்லாம் எங்களுடையது' என்று அவன் வீட்டில் சாதித்துவிட்டார்கள். சந்தியா பேர் இருந்ததால் இந்த ஒன்று மட்டும் திரும்பி வந்தது. நாளைக் காலையில் கோயிலில் அவளுக்கு மறுபடி தாலி. மகள் பேர் இருக்க வேண்டும், தனசேகரன் பேர்மேல் பூக்கொடி ஓட வேண்டும், அதன் கீழே புது மாப்பிள்ளை அய்யப்பன் பேர் வர வேண்டும் என்றார்.

அன்றைக்கு வந்த சரக்கை இறக்கியதில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் முடியாதென்று எப்படிச் சொல்வது? மெஷினின் ஒரு வயரைக் கழற்றி ரோட்டரியில் மாட்டினேன். பழைய டப்பா ஒன்றில் ஓட்டிப் பார்த்தால் பூவெல்லாம் நசுங்கி வந்தது. உருளையின் சுற்றளவைத் தப்பாகக் கொடுத்திருந்தேன். என்னையே திட்டிக்கொண்டு திருத்தினேன். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

சீர் சாமான் பளபளவென்று போகவேண்டும் என்று அக்கா டப்பா முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்திருந்தார். எழுத்து விழும் இடத்தை மட்டும் துடைத்தேன். உருளை தொடும் ஓரங்களை விட்டுவிட்டேன். அசதி, வேறென்ன சொல்ல. இடம் பார்க்க டப்பாவை முன்னும் பின்னும் சுற்றவிட்டேன். திரும்பி வரும்போது அது வழுக்கி நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. மெஷின் மூடியைச் சாத்தி ஓட்டிவிட்டு முக்காலியில் சாய்ந்தேன்.

முதலில் பூ மட்டும் முடிந்தது. மூடியைத் திறந்தேன். தனசேகரன் அப்படியே இருந்தான். பூக்கொடி சந்தியாவை மூடியிருந்தது.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னா ஜெபீனா, எம் பொண்ணத்தான அழிச்சி வச்சிருக்க."

தப்பு என்னுடையதுதான் என்றேன். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, பூவைச் சுற்றிலும் ஓட்டிப் பழைய எழுத்து இரண்டையும் மறைத்துவிட்டு, கீழே புதிதாக எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நானே துடைத்து, உருளைகளையும் துடைத்து, மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை மெஷினை விட்டு நகரவில்லை. பூ முழுச்சுற்று வந்து பழைய பேர் இரண்டும் மறைந்தன. வெட்டுவதற்கு முன் 'சந்தியா அய்யப்பன்' என்று கம்ப்யூட்டரில் அடித்து அவரிடம் காட்டினேன்.

"அந்தப் புள்ள பேரு வாணாம்."

மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்களே என்றேன்.

"கேக்கட்டும். நல்லவன்தான், நான் ஒண்ணும் சொல்லல. எம் பொண்ணு பேரு மட்டும் போடு. பெருசா போடு."

அய்யப்பனை அழித்தேன். காலியான இடம் முழுக்க வருகிற மாதிரி சந்தியாவைப் பெரிதாக்கினேன்.