தையல்காரி எழுதிய அட்டை

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து வந்ததும் கணவன் கைகழுவிவிட்டு நேராக அலமாரிக்குப் போவான். அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் இருபத்தாறு பழைய தபால் அட்டைகள் இருந்தன. எண்பது வருடங்களுக்கு முன் ஒரு கப்பல் சமையல்காரன், துறைமுகத்துக்கு ஒன்றாக, கரையிலிருந்த தையல்காரி ஒருத்திக்கு எழுதியவை. பழைய சாமான் கடையில் தேடித்தேடிச் சேர்த்திருந்தான்.

சேர்த்ததோடு விட்டிருந்தால் மனைவிக்கு ஒன்றுமில்லை. அவன் அந்தத் தையல்காரியைப் பற்றியே, அட்டைகளில் இல்லாததையும் கற்பனை செய்து, பேசினான். தபால்காரர் குரல் கேட்டால், பல்லில் கடித்த குண்டூசியை எடுக்காமலே மாடியிலிருந்து ஓடிவருவாளாம். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுமாம். "நம்ம தையல்காரி" என்றுதான் சொல்வான். அந்த 'நம்ம' இவளுக்குச் சுருக்கென்று குத்தும். செத்துப்போனவள்மேல் பொறாமையா என்று வெட்கமாகவும் இருக்கும். வெட்கப்பட்டதால் பொறாமை குறைந்துவிடவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் கண்ணாடிக் குழாய் உடைந்து கட்டைவிரல் கிழிந்தது, மூன்று தையல். அன்று சாயங்காலம் அவன் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தபடி, "பாவம், நம்ம தையல்காரிக்கு விரலெல்லாம் ஊசி குத்தின தழும்பா இருந்திருக்கும்" என்றான். கட்டுப் போட்ட கையால்தான் அவள் டீயை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

மூன்றாம் நாள், விடுப்பில் இருந்தவள், அந்தப் பழைய சாமான் கடைக்குப் போனாள். தையல்காரியைப் பற்றி மட்டமாக ஏதாவது கிடைக்காதா என்றுதான் போனாள். கடைக்காரர் யோசித்துவிட்டு, அதே பெட்டியில் வந்த ஓர் அட்டை இருக்கிறது, படம் இல்லாததால் யாருக்கும் காட்டவில்லை என்று எடுத்துக் கொடுத்தார். தையல்காரியே சமையல்காரனுக்கு எழுதியது. கப்பலில் ஆள் இல்லையென்று திரும்பி வந்திருந்தது.

'ஊர் ஊராகக் கடல் எப்படி இருந்தது என்று எழுதுகிறாய். போன வருடம் முழுக்க எனக்குக் கண்வலி. எப்படி இருக்கிறாய் என்று ஓர் அட்டையிலாவது கேட்டாயா? இனி எழுதாதே.'

நின்றபடியே இரண்டு முறை படித்தாள். மட்டமாக எதுவும் இல்லை. இந்த நாலு வரி நமக்கு எழுத வரவில்லையே என்று இப்போது வேறு மாதிரி பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் அதை அவன் முன்னால் வைத்தாள்.

"இது அவ எழுதினதா இருக்காது" என்றான் அவன். "அவ அப்படிப்பட்டவ இல்ல."

"அவள உங்களுக்குத் தெரியுமா? என் விரல்ல தையல் போட்டு மூணு நாளாச்சு. அது தெரியுமா?"

அவன் விரலைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. எப்படி ஆயிற்று, வலிக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான், அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கை அட்டையை எடுத்து டப்பாவுக்குக் கொண்டுபோயிற்று. அவள் வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் தினமும் அந்த அட்டையைக் கேட்டான். ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றான். கைப்பை அவளோடு வேலைக்குப் போய் அவளோடு திரும்பியது. தையல்காரி அவளிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டாள் என்பதுபோல் அவன் தவித்தான். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் பொறுக்கமுடியாமல் கேட்டான்.

"அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சுன்னு நினைக்கிற?"

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

"கண் சரியாயிடுச்சு. வீட்ட மாத்திட்டா" என்றாள். "விலாசத்த உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டா."