நான்காவது சுமை

பச்சை. இதுவும் பச்சை. இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிறவனை நம்பலாமா?

மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி வெண்ணிலா தனக்குள் கேட்டுக்கொண்டாள். சாமை உடைக்கும் மெஷினின் நடுத்தண்டு எவ்வளவு சுமை தாங்கும் என்று கணினியிலேயே சோதித்துச் சொல்வது அவள் வேலை; தாங்கினால் மென்பொருள் பச்சை காட்டும், முறியும் என்றால் சிவப்பு. போன வருஷம் இதே முப்பது மில்லிமீட்டர் தண்டு சிவப்பு காட்டியது, முப்பத்தைந்தாகத் தடிமனைக் கூட்டினார்கள். பிறகு அந்த மென்பொருளைச் செய்த சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. பழைய மென்பொருள் இப்போது திறப்பதே இல்லை. அவளுடைய கோப்புகளைத் தங்கள் மென்பொருளுக்கு அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய மறுநாள் அதே முப்பது தேறிவிட்டது.

முதலாளி மாறினால் இரும்புக்கு பலம் கூடுமா?

ஆலங்காயத்தில் பட்டறை வைத்திருந்த பஞ்சாட்சரத்துக்கு அந்தச் சந்தேகம் இல்லை. முப்பதிலேயே மெஷினைச் செய்து, ஜவ்வாது மலையில் மகளிர் குழுவின் கொட்டகையில் இறக்கிவிட்டார். மதியம் அதைப் பார்வையிட அதிகாரி வருகிறார்; அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வெண்ணிலா அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் மலையில் இன்னும் நாற்பது ஊர்களுக்கு இதே மெஷின்.

காலையில் மென்பொருள் கம்பெனியின் கோகுலகிருஷ்ணனிடம் போனில் பேசினாள். எல்லாம் தானாகவே சரியாக மாறியிருக்கும் என்றான். வேறு மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றதும் சிரித்தான். அதுவும் இப்போது எங்களுடையதுதான் மேடம் என்றான். அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. பிறகு தன்மேலேயே சந்தேகம் திரும்பியது. போன வருஷம் தப்பாகப் போட்டது நான்தானோ?

கொட்டகையில் கரண்டு இல்லை. குழுத்தலைவி செல்லியம்மாள் அதைப் பொருட்படுத்தாமல் தொட்டி முட்டச் சாமையைக் கொட்டினாள். ஸ்டார்ட்டரின் பொத்தானை அமுக்கி, அது திரும்பி வராதபடி மூங்கில் குச்சியைச் செருகினாள்.

"இன்னாம்மா பண்றீங்க?" என்றாள் வெண்ணிலா.

"கரண்டு எப்ப வரும்னு ஆரு கண்டா? வந்தா அதும்பாட்டுக்கு ஓடட்டும். அதுக்குக் காவலா குந்திக்கினா புளியை எவ அடிப்பா?"

வெண்ணிலாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன வருஷம் வேறோர் ஊரில் இதைப் பார்த்துவிட்டுத்தான், நிறைந்த வயிற்றோடு மெஷின் திடுமென்று கிளம்புவதைத் தன் கையால் எழுதி, தண்டு தாங்கவேண்டிய நான்காவது சுமையாகச் சோதனையில் சேர்த்திருந்தாள். குச்சியைப் பிடுங்கிவிட்டு வந்து கோப்பைத் திறந்தாள். இத்தனை நாளும் எண்களையே முறைத்துக்கொண்டிருந்தவள் சுமைகளின் பட்டியலை எண்ணவில்லை; இப்போது எண்ணினாள். மூன்று சுமைகள். நான்காவதைப் புது மென்பொருளால் ஏற்க முடியாததால் விட்டுவிட்டதாக, கோப்பை மாற்றியபோது வந்த குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி.

அதிகாரியை எதிர்பார்த்து வாசலில் நின்ற பஞ்சாட்சரத்திடம் காட்டினாள். அவர் திரையைப் பார்த்தார்; அவளைப் பார்க்கவில்லை.

"குச்சி வெக்காதீங்கன்னு ஒரு போர்டு மாட்டிட்டா போச்சு" என்றார். "அம்மாம் பெரிய கம்பெனியே ஓகேன்னுது. நீ இன்னா அதுக்கு மேலயா?"

இவருக்கு முன்பே தெரியுமோ என்று தோன்றியது. செல்லியம்மாள் மெஷினின் மூடிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். தண்டு முறிந்தால் அதோடு சுழலும் உருளை அந்த மூடியைத்தான் பிளந்துகொண்டு வரும்.

கீழே வளைவில் ஜீப் சத்தம். பஞ்சாட்சரம் அறிக்கையை விரித்துப் பேனாவை அவள் விரல்களுக்கிடையே வைத்தார்.

"போடும்மா. வந்துட்டாரு."

வெண்ணிலா பேனாவை மூடினாள். அறிக்கையின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல நான் போட மாட்டேன் சார்" என்றாள், அவரைத் தவிரப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில்.