அசிட்டோனும் ஒரு சிவப்புப் புள்ளியும்

தெருவில் எல்லாரும் அவரைச் சில்லறை என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தியைப் பார்த்து வைத்த பெயரில்லை. பழங்காசு சேர்க்கும் பைத்தியத்தைப் பார்த்து வைத்தது. பஸ் ஓட்டும் நேரம் போக மீதி நேரமெல்லாம் பூதக்கண்ணாடியும் கையுமாகத்தான் இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நெடுநாளாகத் திறக்காத காசு ஆல்பத்தைத் திறந்தவர் அவசரமாகப் பூதக்கண்ணாடியை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பு மனைவி கொடுத்த வெள்ளிக்காசின்மேல் பச்சைப் பிசின். கைபடாமல் இருக்கட்டுமென்று மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அந்த உறைதான் கசிந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

வைத்தியம் அவருக்குத் தெரியாததல்ல. சுத்தமான அசிட்டோனில் ஊறப்போட்டால் பிசின் தானே கழன்றுவிடும். ஆனால் இந்தக் காசின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவருடைய காசுக் குவியலில் தன் காசு காணாமல் போகக் கூடாதென்று அவள் அன்று வைத்த நகப்பூச்சு. பிசினைக் கரைக்கிற அசிட்டோன் அதை மட்டும் விட்டுவைக்குமா? புள்ளி போனால் அது யார் வீட்டுக் காசோ.

பல் குத்தும் குச்சியை எடுத்தார், வைத்தார். சுரண்டினால் கீறல் விழும். சும்மா விட்டால் பிசின் வெள்ளியையே அரித்துவிடும்.

"என்னங்க, காலையிலேயே திருட்டு முழி முழிக்கிறீங்க?"

பின்னால் மனைவி நின்றாள். நகம் அலங்கரிக்கும் கடை வைத்திருப்பவள். அவர் காசை நீட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இதுக்கா இவ்ளோ யோசனை? கடையில அசிட்டோன் இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"உன் நகப்பூச்சு ரிமூவர் வேணாம்மா. அதுல வாசனை, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும்."

"எனக்கே பாடமா? கலப்படம் இல்லாததும் இருக்கு."

அவள் வருவதற்குள் பதற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்து வைத்திருந்தார்.

"இதையும் சேர்த்துக் கரைக்கப் போறீங்களா?" என்று அதை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கிண்ணம் வைத்தாள். அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டார்கள்.

காசை அசிட்டோனில் போட்டுத் தேய்க்காமல் காத்திருந்தார்கள். பச்சை மெல்லப் பிரிந்தது. கூடவே சிவப்பும் ஒரு நூலாகக் கரைந்து போனது. புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, மெல்லிய துணியில் உலர வைத்தார். காசு தெளிந்துவிட்டது. அவர் முகத்தில்தான் ஈயாடவில்லை.

அவள் உள்ளே போய்ச் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்தாள். பழங்காசில் சாயம் பூசுகிறவனைக் கண்டால் சண்டைக்குப் போகிற மனுஷன், காசை விளிம்பில் பிடித்து அவளிடம் நீட்டினார்.

"பழைய இடத்துலயே வை."

"இடம் ஞாபகம் இருக்கா?"

"மூணு மணிக்குச் சின்ன முள்ளு நிக்கிற இடம்."

புள்ளி வைத்தாள். அப்படியே அவரைக் கையுறையைக் கழற்றச் சொல்லி, கட்டைவிரல் நகத்திலும் ஒன்று வைத்தாள்.

"இதுவும் கூட்டத்துல காணாமப் போகக் கூடாதுல்ல."

மறுநாள் பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம் அந்த நகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டில் அரைப் புட்டி அசிட்டோன் மீதியிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.