இரண்டு தம்ளர் கஷாயம்

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்பார்கள். பொன்மணியைக் கேட்டால், சுக்கெல்லாம் சரிதான், அதை யார் தட்டிப் போடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள் என்பாள்.

அந்த ஆவணியில் அவளுக்குப் பிடித்த சளி லேசுப்பட்டதல்ல. மூக்குத் துளை இரண்டையும் களிமண் வைத்து அடைத்த மாதிரி இருந்தது. மீன் குழம்பும் ஒன்றுதான், கழனித் தண்ணியும் ஒன்றுதான். வேறொருத்தி என்றால், மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பாள். பொன்மணியால் முடியாது. அவள் மூக்கை நம்பித்தான் ஒரு பட்டாசுக் கம்பெனி காலையில் கதவைத் திறந்தது.

அவள் புருஷன் முனியராஜ், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். கை நடுங்காதவனுக்கு மட்டும் கொடுக்கிற வேலை அது. போன வருஷம் குடித்துவிட்டுப் போய், வெடிமருந்து சலிக்கிற சல்லடையைக் கீழே போட்டான். ஏதோ நல்ல நேரம், ஒன்றும் பற்றிக்கொள்ளவில்லை. போர்மேன் கனகசபாபதி அன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிட்டார். அதே கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னுகிற பொன்மணிதான் அவர் காலில் விழாத குறையாக நின்றாள்.

"குடியை விட்டுட்டாரு அண்ணாச்சி. இருக்கன்குடி மாரியம்மா மேல சத்தியம் பண்ணிருக்காரு."

"சத்தியம் பண்ணாத குடிகாரன் எவன்மா இருக்கான்?" என்றார் கனகசபாபதி. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்குச் செத்துப்போன மனிதர் அவர். "எனக்கு ஒரு மணமும் தெரியாது. தினம் கேட்டுல வச்சு நீ அவன் வாயை மோந்து பாரு. நீ சரின்னா உள்ள விடுதேன். என்னைக்காவது மாத்திச் சொன்னேன்னு தெரிஞ்சது, ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கம்பெனி வேன் வந்து நின்றதும் முனியராஜ் குனிவான், ஊதுவான், பொன்மணி "சரி அண்ணாச்சி" என்பாள். வரிசையில் நிற்கிற பொம்பளைகள் "விடியக்காலமே கொஞ்சலா?" என்று கேலி பண்ணுவார்கள். பக்கத்து வீட்டு மாடத்திதான் அதில் முதல் ஆள். பொன்மணிக்குக் கோபம் வராது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

சளி பிடித்த அன்றைக்கு அவள் அவனிடம் மட்டும் சொன்னாள். "ஏங்க, எனக்கு ஒரு மணமும் தெரியல. அண்ணாச்சிகிட்டச் சொல்லிரவா?"

"அதை எதுக்குச் சொல்லிக்கிட்டு? என் மேல ஒனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றான்.

அப்படிக் கேட்டால் எந்தப் பொண்டாட்டி இல்லை என்று சொல்வாள்? அவளும் கேட்டில் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுக்கிற மாதிரி பாவனை காட்டி, சரி என்றாள். பொய்தான். ஆனால் புருஷனை நம்பிச் சொன்ன பொய் என்பதால் அவளுக்கு உறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அடுப்படியில் அம்மிச் சத்தம் கேட்டது. பார்த்தால் முனியராஜ்! ஒரு தம்ளர் தண்ணீர்கூட மொண்டு கொடுத்தறியாதவன், சுக்கு, மிளகு, ஓமம் தட்டிப் போட்டு, கற்பூரவல்லி இலை கிள்ளிப் போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். இரண்டு தம்ளரில் ஊற்றினான்.

"ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எனக்கும் தொத்திரக் கூடாதுல்ல" என்று சொல்லி, அவளுடையதை ஆற்றி, வாயால் ஊதிக் கையில் கொடுத்தான். ராத்திரியானால் நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி அவள் நெஞ்சில் தடவிவிட்டான். தினம் இதே பணிவிடை. பொன்மணி உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துக்கொண்டு திரிந்தவளைப் பார்த்து மாடத்திக்கே பொறாமை.

"எல்லாம் சரி, ஆவி பிடிச்சியா?" என்று கேட்டாள் மாடத்தி.

"நொச்சி கிடைக்கலையாம். அவரும் எங்கெல்லாமோ தேடிட்டாரு."

"நொச்சி கிடைக்கலையா? பிராந்திக் கடைக்குப் பின்னாடி ஓடைக்கரை பூரா நிக்குதே! அந்தப் பக்கம் போறதே இல்லையாக்கும் ஒன் புருசன்?"

போறதே இல்லை என்றுதான் பொன்மணி பெருமையாகச் சொன்னாள். சாயங்காலம் மாடத்தியே ஒரு கட்டு ஒடித்துக் கொண்டுவந்து போட்டாள்.

முனியராஜ் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தான். "நொச்சி ஒனக்கு ஒத்துக்காது. கஷாயம் போதும்."

மாடத்தி சுமந்துவந்ததை வீணாக்க மனசில்லாமல் அவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து, பானையில் நொச்சியைக் கொதிக்கவைத்து, மஞ்சள்தூள் போட்டு, போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. பிறகு மூக்கு சட்டென்று திறந்துகொண்டது. முதலில் நொச்சியின் பச்சை வாடை வந்தது. அடுத்து விறகுப் புகை, போர்வையின் எண்ணெய்ச் சிக்கு. உலகமே திரும்பி வந்துவிட்டது என்று அவள் சிரித்தாள்.

"என்ன புள்ள, சொன்னா கேக்க மாட்டியா?" என்று முனியராஜ் கஷாயத்தோடு வந்து பக்கத்தில் குந்தினான். போர்வையை விலக்கி அவள் முகத்தருகே குனிந்து தம்ளரை ஊதினான்.

சுக்கு மணத்தது. ஓமம் மணத்தது. அதற்கு அடியில் பிராந்தி.

பொன்மணி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே அவள் அழுதது அவனுக்குத் தெரியாது. "கண்ணு எரியுதா? நொச்சி அப்படித்தான்" என்றான்.

"இன்னைக்கு வேலைக்குப் போவாண்டாம். ரெண்டு பேரும் லீவு போட்டுருவோம்" என்றாள் உள்ளேயிருந்து. அவனைக் காட்டிக்கொடுக்காமல் தப்பிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"தீவாளி சீசன்ல லீவா? மூணு லோடு ஆர்டர் நிக்கி. கெளம்பு."

கேட்டில் அவன் எப்போதும்போல் குனிந்து ஊதினான். பொன்மணி உள்ளே பார்த்தாள். சரம் பின்னுகிற ஷெட்டுக்குப் பொம்பளைகள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த கட்டடம்தான் மருந்து கலக்கிற ரூம்.

"என்னம்மா, சரியா?" என்றார் கனகசபாபதி.

"இல்ல அண்ணாச்சி. குடிச்சிருக்காரு."

முனியராஜ் ஒரு நொடிதான் திகைத்தான். பிறகு சிரித்தான். "அண்ணாச்சி, இவளுக்குச் சளி பிடிச்சு எம்புட்டு நாளாச்சு! மூக்குல ஒரு மணமும் தெரியாது. அவளையே கேளுங்க."

குடித்ததைவிட இதுதான் அவளை வெட்டிப்போட்டது. அவனை நம்பி அவனிடம் மட்டும் சொன்னதை எடுத்து, அவள் கழுத்துக்கே கத்தி வைத்துவிட்டான்.

"மூக்கை அடைச்சுக்கிட்டா இத்தன நாளும் சரி சரின்னே?" கனகசபாபதியின் குரல் மாறிவிட்டது.

"ஆமா அண்ணாச்சி. அது என் தப்பு. ஆனா இன்னைக்கு மூக்குத் தெறந்திருச்சு."

அவர் மாடத்தியைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். மாடத்தி பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "சுக்கும் ஓமமுந்தான் மணக்கு" என்றாள் பாவமாக.

"பாத்தீகளா?" என்றான் முனியராஜ்.

"நீ வீட்டுக்குப் போம்மா. முனியராஜ், நீ உள்ள போ" என்றார் கனகசபாபதி.

இரண்டாவது தம்ளர் எதற்கென்று அப்போதுதான் பொன்மணிக்கு விளங்கியது. தினமும் காய்ச்சியது அவள் சளிக்கு இல்லை, அவன் வாய்க்கு. அவள் ஓடிப்போய்க் கேட்டின் குறுக்கே கையை விரித்து நின்றாள்.

"கஷாயம் வாயில நிக்கும் அண்ணாச்சி, பிராந்தி வயித்துல நிக்கும். வாயைக் கொப்புளிக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சு மறுபடியும் பாருங்க. உள்ள அம்புட்டுப் பொம்பளைக இருக்காக!"

கனகசபாபதி யோசித்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். முனியராஜ் கொப்புளித்துவிட்டு வெயிலில் நின்றான். அவனுக்கு வேர்க்க ஆரம்பித்தது. மாடத்தி மறுபடியும் பக்கத்தில் போனாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

சொன்ன சொல் சொன்னதுதான் என்று கனகசபாபதி இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்.

வேன் இல்லை. தார்ரோட்டில் நடந்தார்கள். பிராந்திக் கடைக்குப் பின்னால் ஓடைக்கரை நெடுக நொச்சி தழைத்து நின்றது. அதன் வாடை காற்றில் தெளிவாக வந்தது.

"இப்ப சந்தோசமா?" என்றான் முனியராஜ். "ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணு. பேசாம சரின்னு ஒத்தை வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

பொன்மணி நின்றாள்.

"நீ குடிச்சதைக்கூட மறந்திருவேன்" என்றாள். அவனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அந்தக் கஷாயத்தை ஊதி ஊதித் தந்தியே. இந்தச் சளி போயிரவே கூடாதுன்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டேன். இனி அவ மூஞ்சில நான் எப்படிப் போய் முழிப்பேன்?"